உன்ற இஷ்டம்

கிழித்தது ஐந்து துண்டு. மதில்மேல் கிடப்பது நான்கு. மூன்று தரம் எண்ணிவிட்டேன், மூன்று தரமும் நான்குதான். நான்காம் தரம் எண்ணினால் ஐந்தாகிவிடும் என்று நம்புகிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை, இருந்தாலும் எண்ணுகிறேன். காலையில் பழைய வேட்டி ஒன்றை ஐந்தாகக் கிழித்தேன். நான்கு துண்டு காரின் இன்ஜினுக்கு, ஒன்று கை துடைக்க. இன்ஜின் காற்றை இழுக்கிற குழாய் ஒன்று உண்டு, ஒரு தண்டும் நான்கு கிளையுமாக, மேனிஃபோல்டு என்பார்கள். அதைக் கழற்றி எடுத்துவிட்டால் இன்ஜினின் பக்கவாட்டில் நான்கு வாய்கள் திறந்து கிடக்கும். ஒரு வாஷர் உள்ளே விழுந்தாலும் இன்ஜினை மறந்துவிட வேண்டியதுதான், அதனால் வாய்க்கொரு துணியைத் திணித்து வைப்பது. புதிய குழாயை மாட்டுவதற்கு முன் நான்கையும் உருவிவிட வேண்டும். உருவினேன். உருவினேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மதில்மேல் கிடக்கும் நான்கில் ஒன்று கை துடைத்ததாக இருந்தால், இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது. எதைப் பார்த்தாலும் ஒரே கறுப்பு, எது வாயில் இருந்தது, எது கையில் இருந்தது என்று சொல்ல முடியவில்லை. புதிய மேனிஃபோல்டை மாட்டி எல்லா போல்ட்டும் முறுக்கியாயிற்று. மணி மூன்று. இப்போது போய் வருகிறது சந்தேகம், முறுக்குவதற்கு முன் வரக்கூடாதா, சனியன்.

முப்பத்தொரு வருஷம் ரயில் ஓட்டினவன் நான். ஈரோட்டிலிருந்து ஜோலார்பேட்டை, ஈரோட்டிலிருந்து பாலக்காடு, சரக்கு வண்டி, பிறகு எக்ஸ்பிரஸ். ரயில் இன்ஜினில் எதையும் ஒருவன் மட்டும் பார்க்கக்கூடாது. நான் கையை நீட்டி, "ஹோம் சிக்னல் பச்சை" என்று உரக்கச் சொல்வேன். பக்கத்தில் உதவி டிரைவர் இருதயராஜ், அவனும் கையை நீட்டி, "ஹோம் சிக்னல் பச்சை" என்பான். அவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் அது பச்சை. அதுவரை அது என் கண்ணில் பட்ட ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று "கேஸ் மூடியாச்சு" என்பேன். என் பெண்டாட்டி துளசிமணி செருப்பை மாட்டிக்கொண்டே "மூடியாச்சுங்க சாமி, மூடியாச்சு" என்பாள். கேலிதான், ஆனால் சொல்லிவிடுவாள். அவள் சொன்ன பிறகு நான் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்குவேன். இன்றைக்கும் துணியை உருவும்போது சத்தமாகச் சொன்னேன், எனக்கு நினைவிருக்கிறது, "ஒண்ணு எடுத்தாச்சு" என்றேன், "ரெண்டு எடுத்தாச்சு" என்றேன், கொல்லம்பாளையம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்குகிறது, யார் திருப்பிச் சொல்வார்கள்? மூன்று சொன்னேனா? நான்கு சொன்னேனா? அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஏதோ வண்டி போனது. சத்தத்தை வைத்து எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டு நின்றேன். பெட்டி இருபத்திரண்டு, அது நன்றாக நினைவிருக்கிறது.

சரி, இருக்கட்டும், ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிடலாம் என்று ஒரு மனசு சொல்கிறது. துணி உள்ளே இருந்தால் உறிஞ்சி வால்வில் சிக்கும், இன்ஜின் அடைத்து நிற்கும், நின்றால் இன்ஜினின் மேல்பாகத்தை, ஹெட்டையே கழற்றவேண்டும், அதற்கு இரண்டு வாரம். நாளைக்கு நான் பெங்களூர் போகவேண்டும். ரயிலில் போகலாமே, ரிட்டயர் ஆனவனுக்கு ரயில்வே பாஸ் இருக்கிறதே என்று மகள் பிரியாகூடக் கேட்டாள். இருக்கிறது. ரயிலில் போனால் பார்த்துவிட்டு வரலாம். காரில் போனால் துளசியைக் கூட்டிக்கொண்டு வரலாம். இருபது மாதத்துச் சாமான், அங்கே வாங்கிய புடவைகள், அவள் இங்கிருந்து தூக்கிக்கொண்டு போன சின்ன கிரைண்டர், இதெல்லாம் ஒரு டிக்கியில் அடங்கும். இதைப் பிரியாவிடம் சொல்லவில்லை. துளசியிடமும் சொல்லவில்லை. "பேத்தியப் பாக்க வர்றீங்களா?" என்று கேட்டாள், "ஆமா" என்றேன். பேத்தி பிறந்தபோது மூன்று மாதம் என்று போனவள். மூன்று ஆறானது, பிரியா மறுபடி வேலைக்குப் போனதும் ஆறு பன்னிரண்டானது, குழந்தைக்குப் பல் முளைத்தது, நடந்தது, இப்போது "தாத்தா" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனை நக்குகிறது. நான் ஒன்றும் சொன்னதில்லை. பெற்ற பெண்ணுக்குச் செய்வதைப் போய்க் குறை சொல்ல முடியுமா? நான்கு நாள் நானும் போய் இருந்து பார்த்தேன், பதினோராவது மாடி. ஜன்னலுக்கு வெளியே மற்றவர்களுடைய ஜன்னல்கள். ரயில் சத்தம் இல்லாமல் தூக்கம் வராமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன், காலையில் மாப்பிள்ளை என் கண்ணைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாமா மாமா என்றார். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. குற்றம் சொல்ல அந்த வீட்டில் ஒரு ஆள்கூடக் கிடையாது, அதுதான் கஷ்டம்.

கழற்றத்தான் வேண்டும். கழற்றாமல் விட்டால் பெங்களூர் வரைக்கும், ஓசூர் மேடு ஏறுகிறவரைக்கும் இதே நினைப்பாக இருக்கும். ஓரத்திலிருந்து நடுவுக்கு, இதுதான் கழற்றுகிற வரிசை, முறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. அடியில் ஒரு நட்டு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, கையை வளைத்து விட்டு விரலால் தேடிப் பிடிக்கவேண்டும். காலையில் அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம். பழைய குழாயைக் கழற்றியபோது அதன் மூன்றாவது கிளைக்கு அடியில் விரிசல், தலைமுடி கனம்தான் இருக்கும், அதன் வழியாகத்தான் வைகாசியிலிருந்து காற்று கள்ளத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஸ்ஸ் என்று ஒரு சத்தம், சிக்னலில் நின்றால் இன்ஜின் ஏறி ஏறி இறங்கும். ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால் அரை நாளில் முடித்துக் கொடுத்திருப்பார்கள். நான் விடவில்லை. என் கையால் செய்தால்தான் திருப்தி என்று போன் செய்தவர்களிடமெல்லாம் சொன்னேன். உண்மை அதுவல்ல. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அரை நாள் போகும், நானே செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை என்பது எவ்வளவு பெரிய பொருள் என்று வேலையில் இருந்தவரைக்கும் எனக்குத் தெரியாது. காலையில் எழுந்து டிவியைப் போட்டுவிடுகிறேன், எதையும் பார்ப்பதற்கு இல்லை, யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. போன வாரம் செய்தி வாசிக்கிற பெண் "வணக்கம்" என்றாள், நான் "வணக்கமுங்க" என்றேன். சொல்லிவிட்டு அறையில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அடிப்பக்க நட்டுக்குக் கையை விட்டுக்கொண்டு பானட்டுக்குள் பாதி உடம்பு கிடக்கும்போது ஒரு பயம் வருகிறது. இப்படியே மயக்கம் போட்டுக் கிடந்தால்? கால் இரண்டும் வெளியே தெரியும். எதிர்வீட்டு ஆசிரியர் பார்ப்பார், நாச்சிமுத்து கார் பார்க்கிறார், பெரிய உழைப்பாளி என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். காலையில் பால்காரம்மா வந்து "ஏனுங்க" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். எட்டு மணிக்குத் துளசி போன் செய்வாள், அது ஹாலில் கிடந்து அடிக்கும். காலை எட்டு, இரவு எட்டு, தவறாமல் அழைப்பாள். "சாப்ட்டீங்களா?" "ஆச்சு." "என்ன செஞ்சீங்க?" "இட்லி." இட்லி எங்கே செய்தேன், மாவு வாங்குவதையே விட்டு நான்கு மாதம். "தனியா இருக்கறது கஷ்டமா இருக்குதுங்களா?" "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ புள்ளயப் பாரு." இந்தக் கேள்வியை அவள் எத்தனை தரம் கேட்டிருப்பாள்? வாரத்துக்கு ஒரு தரம் என்றாலும் எண்பது தரம். எண்பது தரமும் அதெல்லாம் ஒண்ணுமில்ல. நட்டு கையில் வந்துவிட்டது. கீழே விழாமல் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக வெளியே கொண்டுவந்தேன்.

வெள்ளிக்கிழமைதான் கேட்டாள் அதை. பிரியா மறுபடி முழுகாமல் இருக்கிறாள், மூன்றாம் மாதம். நல்ல சேதி. நல்ல சேதி என்று சொல்லிவிட்டு நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன், இன்னும் ஆறு மாதம், அப்புறம் ஒரு மூன்று, அப்புறம் பல், அப்புறம் நடை. வெட்கமாக இருந்தது. பேரனோ பேத்தியோ வரப்போகிறது என்கிறபோது ஒரு மனுஷனுக்கு இதுவா முதலில் தோன்றவேண்டும்? அப்போதுதான் அவள் சொன்னாள்: "ஏனுங்க, பிரியாவோட மாமியார் வந்து பாத்துக்கறேங்கறாங்க. பிரசவம் வரைக்கும் இருக்கறாங்களாம். ஞாயித்துக்கெழம ராத்திரிக்குள்ள சொன்னா டிக்கெட் போட்டுருவாங்க. நான் இங்கயே இருக்கட்டுங்களா, வூட்டுக்கு வந்துருட்டுங்களா? நீங்க சொல்லுங்க." நான் ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அது போன மாதத்திலேயே நின்றிருந்தது, கிழிக்கவில்லை. வாயைத் திறந்து சொன்னேன்: "உன்ற இஷ்டம்." அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிங்க" என்றாள். நேற்று ஒரு வார்த்தை இதைப் பற்றிப் பேசவில்லை. இன்று காலையிலும் பேசவில்லை. மாத்திரை போட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். இன்றுதான் ஞாயிற்றுக்கிழமை.

மேனிஃபோல்டு மறுபடி கையோடு வந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். முதல் வாய், ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதில் விரலை விட்டுத் துழாவினேன், வழவழவென்று இரும்பு, துணி இல்லை. நான்காவதிலும் இல்லை. அப்படியானால் ஐந்தாவது துணி எங்கே போனது? காற்றில் போயிருக்கும், தெருநாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும், எங்கேயோ போய்த் தொலையட்டும், உள்ளே இல்லை, அதுதானே வேண்டும்? வேண்டியது கிடைத்துவிட்டது, ஆனாலும் டார்ச்சை அணைக்க மனசு வரவில்லை. மறுபடி முதல் வாய். மறுபடி இரண்டாவது. சுத்தமாகத் தெரிகிறது, என் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் என் கண் மட்டும்தான் பார்த்தது. ஒரு ஆள் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்து, ஆமா, ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எதிர்வீட்டு ஆசிரியரைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்ல? சார், இந்த ஓட்டையில் ஒன்றும் இல்லைதானே, கொஞ்சம் சொல்லுங்கள் என்றா? அவர் தன் பெண்டாட்டியிடம் போய்ச் சொல்வார், நாச்சிமுத்துவுக்குப் புத்தி தட்டிப்போச்சு என்று. தட்டித்தான் போயிருக்கிறது. நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் இருபத்திரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு மழையில் போனவன், வெறும் நான்கு ஓட்டையைப் பார்த்து நிற்கிறேன். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. இதைச் சொல்லிவிடுவது இவ்வளவு சுலபமா? நான்கு ஓட்டையைப் பார்த்துச் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன், "என்னால தனியா இருக்க முடியல." இதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இணைப்பில் காற்று கசியாமல் வைக்கிற கேஸ்கெட்டைத் துடைத்து வைத்து, குழாயை மறுபடி பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, முதலில் கையால், பிறகு ஸ்பேனரால், பிறகு அளவு காட்டும் ரெஞ்சால். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரெஞ்ச் டக் என்று ஒரு சத்தம் கொடுக்கும், போதும் என்று அர்த்தம். நல்ல கருவி அது. இரண்டாவது டக்குக்கும் மூன்றாவது டக்குக்கும் நடுவில் ஒன்று பிடிபட்டது, பிடிபட்டதும் கை நின்றுவிட்டது. இத்தனை நாளாக நான் கூப்பிட்டுத் துளசி பதில் சொல்லாததுபோல ஒரு கோபம் எனக்குள் இருந்தது. காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் பொருமிக்கொண்டே போனை எடுப்பேன். ஆனால் நான் எங்கே கூப்பிட்டேன்? கூப்பிட்டது அவள். கஷ்டமா இருக்குதுங்களா என்று எண்பது தரம் கையை நீட்டிக் காட்டினவள் அவள். இருக்கட்டுமா, வந்துவிடட்டுமா என்று நேராகக் கேட்டவளும் அவள். நான் என்ன செய்தேன்? சிவப்பு என்றும் சொல்லவில்லை, பச்சை என்றும் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு உன்ற இஷ்டம் என்றேன். என் அப்பா என் அம்மாவிடம் சொன்னதும் அதே, என் மாமனார் சொன்னதும் அதே, எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்குப் பொம்பளைகளை மதிக்கத் தெரிந்த ஒரே வார்த்தை அது. அதைக் கேட்டவளுக்கு எப்படி இருந்திருக்கும்? வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்றுதானே கேட்டிருக்கும்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாளே. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் அங்கே பதினோராவது மாடியில் எந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாளோ தெரியாது. மீதி போல்ட்டுகளையும் முறுக்கினேன்.

பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பினேன். இரண்டு தரம் இழுத்து மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. இப்போது சத்தம் பார்க்கவேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை ஒரே அளவில் மிதித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் முன்னால் நின்று, இணைப்பில் எங்காவது ஸ்ஸ் என்று காற்று இழுக்கிறதா என்று கேட்கவேண்டும். மிதித்துவிட்டு ஓடிவந்து கேட்டேன், வருவதற்குள் வேகம் இறங்கிவிட்டது. மறுபடி மிதித்துவிட்டு ஓடிவந்தேன். அறுபத்துமூன்று வயசில் காரைச் சுற்றி ஓடுகிறவனை எதிர்வீட்டு ஆசிரியர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம் ஓடவில்லை. உள்ளே போய்ப் போனை எடுத்துவந்து, கை துடைக்காமலே துளசியை அழைத்தேன். எட்டு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. "என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள் பயந்துபோய். "ஒண்ணும் ஆகல. போன இன்ஜின் பக்கத்துல வெக்கறேன். நான் மிதிக்கறேன், நீ கேளு. எங்கயாச்சும் ஸ்ஸுன்னு வருதான்னு சொல்லு." "எனக்கு என்னங்க தெரியும்?" "தெரியும், கேளு." பேட்டரிமேல் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து மிதித்தேன். தூக்கி நிறுத்திய பானட் எதிரே மறைத்தது. அதற்கு அந்தப் பக்கம் எங்கேயோ அவள் இருந்தாள். "வருதா?" என்று கத்தினேன். "இல்லீங்க" என்று மெல்லிசாகக் கேட்டது. "நல்லாக் கேளு!" "சத்தியமா இல்லீங்க, சுத்தமா இருக்குதுங்க!" சுத்தமா இருக்குதுங்க. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தேன். இன்ஜின் உறுமிக்கொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல், பானட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குக் கேட்கவேண்டுமென்றால் கத்தித்தான் ஆகவேண்டும். கத்தினேன். "நாளைக்கு நீயும் என்னோட வந்துரு! என்னால தனியா இருக்க முடியல துளசி! வூட்டுக்கு வந்துரு!"

இன்ஜினை நிறுத்தினேன். தெரு அப்படியே அமைதியாகிவிட்டது. எதிர்வீட்டு மாடியில் ஆசிரியர் சட்டென்று உள்ளே போனார், அவர் போனதே எல்லாம் கேட்டுவிட்டது என்று சொன்னது. போகட்டும். இறங்கி முன்னால் போனேன். போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தேன். பின்னால் பேத்தி எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "துளசி" என்றேன். "கேட்டுச்சுங்க" என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அங்க மணி என்னங்க?" என்றாள். ஈரோட்டுக்கும் பெங்களூருக்கும் மணி வேறேயா என்று கேட்கவந்தவன் வாட்சைப் பார்த்து, "அஞ்சு அம்பத்தொண்ணு" என்றேன். "ஞாயித்துக்கெழம நாலரை ஆறு ராகுகாலமுங்க" என்றாள். "இந்த நேரத்துலயா கேப்பீங்க? இத்தன நாள் கழிச்சுக் கேக்கறதை நல்ல நேரத்துல கேக்கக் கூடாதுங்களா? நான் இப்ப பதில் சொல்லமாட்டன். ஆறு தாண்டட்டும். தாண்டுனதும் இதே மாதிரி இன்னொருக்கா கேளுங்க." நாற்பது வருஷத்தில் இவள் ராகுகாலம் பார்த்ததெல்லாம் நிலைக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட காரியத்துக்கு மட்டும்தான். வேண்டாத காரியத்துக்கு இவள் காலண்டர் பக்கம் போனதே கிடையாது. "சரி, போன வெச்சுட்டு ஆறு மணிக்குக் கூப்படறேன்" என்றேன்.

"வெக்காதீங்க" என்றாள்.